நனையாத உடுப்பு

கம்பளியை வெந்நீரில் துவைக்கக் கூடாது, சுருங்கிவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் தொங்கவிடவும் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெதுவாக அமுக்கி எடுத்து, ஒரு துண்டின் மேல் பரப்பி நிழலில் காயவிட வேண்டும். என் தம்பியின் ஸ்வெட்டரை நான் அப்படித்தான் துவைத்தேன். நீங்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஸ்வெட்டர் எங்கள் ஆட்டு உரோமத்தில் பின்னியது. நூல் நூற்றதும் நான், பின்னியதும் நான். என் விரல்கள் நடுங்கத் தொடங்குவதற்கு முன் பின்னிய கடைசி ஸ்வெட்டர் அது. அதை எரித்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நல்ல கம்பளியை எரிக்கக் கை வராது. உங்களுக்கு இது புரியாமல் போகலாம், அதில் தப்பில்லை.

இந்த டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

எங்களுடையது சின்ன மந்தை. மந்தை என்று நாங்களே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. பெரிய பண்ணைக்காரர்கள் பார்த்தால், "செல்லத்துக்கு வளக்குறீங்களா?" என்று கேட்பார்கள். அப்பா போனபோது எனக்குக் கல்யாண வயது, தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் என் கல்யாணத்தைத் தள்ளி வைத்தேன். தள்ளித் தள்ளி வைத்ததில் அது எங்கேயோ போய்விட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆடுகள் இருந்தன, அவன் இருந்தான்.

அவனை வளர்த்ததும் நான்தான், ஆளாக்கியதும் நான்தான். இதைச் சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பக்கத்திலேயே தனி வீடு கட்டிக்கொண்ட பிறகும், எதையும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டான். அவன் மனைவி டவுனில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். "ஒரு முடிவு எடுக்கணும்னா உங்க தம்பி உங்க மூஞ்சியத்தான் பாக்குறாரு அண்ணி, எம்மூஞ்சியப் பாக்கறதே இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை. இல்லை என்று சொன்னால் பொய்.

செலவுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது தெரியாமல் மற்றது புரியாது. தீவனம் யானை விலை குதிரை விலை விற்கிறது. உரோமத்தை விற்று வருவது கத்தரிக்கிறவரின் கூலிக்கே காணாது. செத்த ஆட்டை நம் நிலத்தில் நாமே புதைக்கக் கூடாது, உரிமம் வாங்கிய வண்டி வந்துதான் எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு விதி வந்தது. ஆடு உயிரோடு இருக்கும்போது வாங்க வருகிறவன் மணிக்கணக்கில் பேரம் பேசுவான். செத்த பிறகு எடுக்க வருகிறவனிடம் நாம் வாயைத் திறக்க முடியாது. பிறகு ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு காதிலும் எண் போட்ட வில்லை மாட்ட வேண்டும் என்றார்கள். அதற்குக் காசு போதாமல் என் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன். வில்லை மாட்டி முடித்த அன்று தம்பி பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாருக்கா, எல்லாத்துக்கும் ரெண்டு காதுலயும் கம்மல். உனக்குத்தான் ஒரு காதுலயும் இல்ல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

விதிகளை நான் குறை சொல்லவில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நியாயமானவை. போடுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் ஆயிரம் ஆடு வைத்திருப்பவரை மனதில் வைத்துக்கொண்டு போடுகிறார்கள். ஆயிரம் ஆட்டுக்காரருக்கும் ஒரு பயிற்சி அட்டை, எனக்கும் ஒரு பயிற்சி அட்டை. அவருக்கும் ஒரு பாதுகாப்பு உடுப்பு, எனக்கும் ஒரு பாதுகாப்பு உடுப்பு. அவருக்கு அது டீச்செலவு, எனக்கு அது ஒரு வருஷத்து ஈற்றுக் குட்டிகள்.

உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடுகளுக்குச் சொறி வராமலிருக்க வருஷத்துக்கு ஒரு தடவை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். வாய்க்கால் மாதிரி நீளமான சிமெண்டுத் தொட்டி, ஆள் நெஞ்சளவு ஆழம். ஆடு ஒரு முனையில் இறங்கி நீந்தி மறு முனையில் படியேறும். நடுவில் ஒருவர் நின்று, கவைக்கோலால் ஒவ்வொரு ஆட்டின் தலையையும் ஒரு தடவை தண்ணீருக்குள் அமுக்க வேண்டும். காதுக்குள் இருக்கிற பூச்சியும் சாக வேண்டுமே. ஆடு திமிறும், துள்ளும், கரையேறி உடம்பை உதறும். அத்தனையும் நடுவில் நிற்கிறவர் மேல்தான் தெறிக்கும். ஆட்டுக்கு ஒரே முழுக்கு. அவருக்கு எத்தனை ஆடோ அத்தனை முழுக்கு. அதனால்தான் அந்த ரப்பர் உடுப்பு. தலை முதல் கால் வரை மூடும், கையுறை அதோடு சேர்ந்தது.

அந்த இடத்தில் பல வருஷம் நின்றவள் நான். விரல் நடுக்கம் அங்கே வாங்கியதுதான். ஊசியில் நூல் கோக்க முடியாமல் நான் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தம்பி கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நீ பட்டி கேட்டு மேல ஏறி உக்காந்து அதிகாரம் பண்ணுக்கா. அது உனக்கு நல்லா வருது" என்றான். விதிப்படி பயிற்சி அட்டை இல்லாதவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அட்டை என் பெயரில்தான் இருக்கிறது. அவனையும் வகுப்புக்கு அனுப்பலாம்தான். கட்டணம் இருக்கிறது, போக வர வேலை கெடும், ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை போதாதா என்று நான்தான் வேண்டாம் என்றேன். அவனும் சரி என்றான்.

போன வருஷம் ஆய்வுக்கு வந்தவர் பழைய உடுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்குளில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். இவருக்குக் காது ஆபீசர் என்று தம்பி பெயர் வைத்திருந்தான், வந்ததும் வராததுமாக ஆடுகளின் காதைப் பிடித்துப் பார்ப்பதால். நல்ல மனிதர். கைநீட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். "இது ஆகாதும்மா. புதுசு வாங்கிருங்க" என்றார். பழையதை அவர் கண்ணெதிரிலேயே கத்தரியால் வெட்டிப் போட வேண்டும், அதுவும் விதி. வெட்டினேன். புதிது வாங்க இரண்டு சினை ஆடுகளை விற்றோம். அதில் ஒன்று தம்பி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. வண்டியில் ஏற்றும்போது அது அவன் பின்னாலேயே திரும்பி வந்தது.

புது உடுப்பு வந்த அன்றே மருந்து அறையில் ஒரு ஆணி அடித்து மாட்டினேன். யோசித்துப் பாருங்கள், பழைய உடுப்பு எதனால் வீணாகிப் போனது? போட்டதனால்தானே. இதைச் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப இது ஆபீசருக்கு வாங்கின உடுப்பு. அவருக்கே போட்டு விட்டுரலாம்" என்றான். நான் தினமும் அதற்குத் தூசி தட்டினேன். மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆட்டைக் குளிப்பாட்டிய அன்று மேகம் போட்டிருந்தது, காற்றும் அடித்தது. தம்பி மருந்து அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

"அக்கா, குளிருது. இன்னிக்கு மட்டும் அதப் போட்டுக்கறேனே."

"அடுத்த வாரம் ஆபீசர் வர்றாருடா. கறை பட்டாப் போகாது. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"சரி விடு. பாவம், அவருக்குத்தான் ரொம்பக் குளிரும்."

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் போனான். நான் பட்டி கேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அட்டை உள்ளவர் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, அதை நான் மீறவில்லை.

கம்பளியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. ஆட்டை முக்குவதே அந்த நம்பிக்கையில்தான். ஒரு தடவை நனைந்தால் பல வாரங்களுக்கு உரோமத்தில் மருந்து நிற்கும். ஆட்டின் மேல் இருந்தாலும் மனிதன் மேல் இருந்தாலும் கம்பளி கம்பளிதான். இது எனக்குத் தெரியும். அன்று அவன் அந்த ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டும்போதும் தெரிந்துதான் இருந்தது.

பயிற்சி வகுப்பில் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்து உடம்பில் ஏறினால் முதலில் வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும். பிறகு கண்ணின் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கும். பிறகு மூச்சு திணறும். சந்தேகம் வந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், மருந்து டப்பாவின் லேபிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். கடைசியில் கேள்வி கேட்டபோது எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னது நான் ஒருத்திதான். சொல்லித்தந்தவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

ஆகவே தம்பி புறங்கையால் அடிக்கடி வாயைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியில் இன்னும் கொஞ்சம் ஆடுகள் பாக்கி இருந்தன. கலந்த மருந்து மறுநாளைக்கு ஆகாது, அன்றைக்கே முடிக்காவிட்டால் தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். கழிவு மருந்தை எடுக்கவும் உரிமம் வாங்கிய லாரிதான் வர வேண்டும். வந்தால் தொட்டி நிறைய இருந்தாலும் கூலி ஒன்றுதான், பாதி இருந்தாலும் ஒன்றுதான்.

"என்னடா, வாயில தண்ணி ஊறுது?" என்று கேட்டேன்.

"நீ பொங்கற சாப்பாட்ட நெனச்சேன்க்கா. பயத்துல ஊறுது" என்றான்.

கடைசி ஆட்டையும் முக்கி அனுப்பிவிட்டுத்தான் கோலைக் கீழே வைத்தான். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

படியில் உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். நெஞ்சுக்குள் சளி கரகரத்தது. நான் பதறவில்லை. ஸ்வெட்டரையும் சட்டையையும் கழற்றினேன், குழாயடியில் உட்காரவைத்து, சின்ன வயதில் தேய்த்த மாதிரியே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். "கண்ணுல போடாதக்கா" என்றான், அந்த வயதில் சொல்வது மாதிரியே. மருந்து வாடை போய்விட்டது. வாடை போகட்டும் என்று குளிப்பாட்டவில்லை, வகுப்பில் சொன்னபடி செய்தேன். ஆனால் போய்விட்டது. சுத்தமான சட்டை மாட்டிவிட்டேன். டப்பாவிலிருந்து லேபிளை உரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆடு ஏற்றுகிற வண்டியில் அவனைச் சாய்த்து, நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

இதையெல்லாம் செய்தவள் சொல்லிவிட வேண்டும் என்றுதானே போயிருப்பாள்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் நெட்டித் தள்ளியது. நடைபாதையிலும் கட்டில் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு சின்ன வயது டாக்டர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அலைந்துகொண்டிருந்தார். தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வீசிங் எப்போதிருந்து என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே உண்டு என்றேன். அது உண்மை. அவனுக்கு இளைப்பு உண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதுகில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். பிறகு டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணு பாப்பா ரொம்பச் சின்னதா இருக்கே. பூச்சி மருந்து எதாவது கையாண்டாரா?"

பை என் மடியில் இருந்தது. ஜிப்பில் கை வைத்துவிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், பாதி திறந்தும் விட்டேன். அப்போது பக்கத்தில் ஊசி எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ், என்னிடம் இல்லை, அவரிடம் சொன்னாள்: "மருந்து கேஸுன்னா உடனே தகவல் குடுத்துரணும் டாக்டர். போன தடவையே நமக்குத் திட்டு விழுந்துச்சு."

அவள் சொன்னதும் விதிதான்.

தகவல் கொடுத்தால் ஆட்கள் வருவார்கள். அட்டை இல்லாதவன் தொட்டியில் நின்றதைக் கேட்பார்கள், உடுப்பு எங்கே என்று கேட்பார்கள். உடுப்பு ஆணியில் புதிதாகத் தொங்கும். அட்டையைப் பிடுங்குவார்கள். அட்டை இல்லாமல் மருந்து விற்க மாட்டார்கள், மருந்து போடாத ஆட்டைச் சந்தைக்குள் விட மாட்டார்கள். கல்யாணம், கம்மல், விரல் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக் காப்பாற்றிய மந்தை ஒரு சாயங்காலத்தில் போய்விடும். இதெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். மனதுக்குள் தயாராகவே இருந்தது. ஜிப்பை மூடினேன்.

"இல்ல டாக்டர். ஆட்டுக்கு முடி வெட்டிட்டு இருந்தோம். தூசி இவனுக்கு ஒத்துக்காது. வெயில்ல வேற வந்தோம், அதான் கண்ணு அப்படி இருக்கு."

மேகம் போட்டிருந்த நாள் அது. அவர் காலையிலிருந்து வெளியே எட்டிப் பார்த்திருக்கவில்லை.

ஆனாலும் அவர் என் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியின் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "மருந்து எதுவும் தொடலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவனுக்கு அப்போது பேச்சு இருந்தது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுழற்றி என்னைத் தேடினான். நான் அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். கண்ணைக் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை.

"அக்கா சொல்றதுதான் டாக்டர்" என்றான்.

ஆகையால் அது என் ஒருத்தியின் பதில் அல்ல.

இளைப்புக்கு மருந்து கொடுத்தார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரம் தேவலை மாதிரி இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் விரல்களும் என் விரல்கள் மாதிரியே நடுங்கின. இடையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நேரம் போகப் போக, முதலில் மறைத்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே. டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். வந்தபோதெல்லாம் நான் எழுந்து நின்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

காலையில் செத்துப்போனான். இரவு வந்து சேர்ந்த அவன் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்கு அவனைத் தவிர யாரும் இல்லை. நான் கல்நெஞ்சக்காரி என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அன்று நான் அழுத அழுகையை அந்த நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் சொன்னபடி காது ஆபீசர் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு ரொம்ப வருத்தப்பட்டார். இன்னொரு நாள் வருகிறேன் என்றார். நான்தான் பார்த்துவிட்டே போங்கள் என்றேன். மருந்து அறையில் உடுப்பை வெளிச்சத்தில் பிடித்து, தையல் தையலாகத் தடவிப் பார்த்தார். "இப்படிப் புத்தம் புதுசா வெச்சிருக்கறவங்கள நான் பாத்ததே இல்லம்மா" என்றார். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மற்றதைச் சொல்ல அவ்வளவு கூச்சம் இல்லை.

இப்போது ஸ்வெட்டருக்கு வருகிறேன். துவைத்தேன் என்றேனல்லவா? காய்ந்ததும் மடித்து அலமாரியில் வைத்திருந்தேன். தம்பி மனைவி ஒரு நாள் வந்து, "அவர் கடைசியாப் போட்டிருந்த ஸ்வெட்டர் எங்க அண்ணி?" என்று கேட்டாள். என்ன சொல்லி இல்லை என்பது? கொடுத்தேன். வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டாள். பிறகு அதைக் கழற்றவே இல்லை. வேலைக்குப் போகவில்லை, வாசலுக்குக்கூட வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள், அதன் கையிலேயே கண்ணைத் துடைத்தாள். நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்தேன். கழற்று, நான் இன்னொரு தடவை அலசித் தருகிறேன் என்றேன். "வேணாம் அண்ணி, வாசம் போயிரும்" என்றாள்.

அவளுக்கு வியர்க்கத் தொடங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, தலை சுற்றுகிறது என்றாள். அதே வண்டியில், அதே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டிக்கொண்டு போகாமலும் இருந்திருக்கலாம்.

அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். மருந்து எதுவும் தொட்டீர்களா என்று அவளிடம் கேட்டார். "வீட்ட விட்டே வெளிய போகல டாக்டர்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"சரியாச் சாப்பிடறதில்ல டாக்டர். துக்கம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, அவள் கையைத் தூக்கி, ஸ்வெட்டரை மூக்கருகே வைத்து முகர்ந்தார். நாலு எட்டில் அலமாரிக்குப் போய்க் கதவைத் திறந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தார். அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் தம்பி படுத்திருந்த கட்டிலிலிருந்து பார்த்தால் அந்த அலமாரி தெரியும்.

அவள் பிழைத்துக்கொண்டாள். எனக்கு அதில் சந்தோஷம். கண் விழித்ததும், "இதுல என்ன இருந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்று கேட்டாள். நான் எப்படித் துவைத்தேன் என்பதைச் சொன்னேன், குளிர்ந்த தண்ணீர், சோப்பு, நிழல் என்று. முழுவதும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. உங்களைக் கூப்பிட்டது டாக்டரா, அவளா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் எனக்குக் கோபம் இல்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்றவள் நான் சாகவில்லை, ஒரே நாளில் அவன் எப்படிச் செத்தான்? மருந்தைக் கலந்தது நான். இரட்டிப்பாகக் கலந்தேன். ஆடு இறங்க இறங்க உரோமம் மருந்தை இழுத்துக்கொண்டு போகும், தண்ணீர் நீர்த்துவிடும். பாதி மந்தை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து புதிதாகக் கலக்க வேண்டும், லாரி இரண்டு நடை வர வேண்டும். முதலிலேயே கெட்டியாகக் கலந்தால் ஒரே தொட்டியில் முடிந்துவிடும். ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஒரே முழுக்குத்தானே. இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடுப்பைக் கேட்டு ஒற்றைக் காலில் நின்றிருப்பான்.

கொன்றாயா என்று நேராகக் கேட்டீர்கள். ஆமாம், கொன்றேன். மருந்தைக் கெட்டியாகக் கலந்தது நான், உடுப்பைக் கொடுக்காதது நான், தெரிந்தும் வாயைத் திறக்காதது நான். அவள் விஷயத்திலும் நான்தான். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். லேபிள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மந்தையைப் போய்ப் பாருங்கள். ஒரு ஆட்டுக்குக்கூடச் சொறி இல்லை. அவன் இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பான், பார்த்துவிட்டு அக்கா செய்தது சரிதான் என்பான்.

உங்கள் ஆட்கள் மருந்து அறையிலிருந்து உடுப்பை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். சாட்சிக்கு என்றார்கள், எடுத்துக்கொள்ளட்டும். மடித்துப் பைக்குள் திணிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். மடித்தால் அக்குளில் விரிசல் விடும். இன்னும் ஒரு தடவைகூட நனையாத உடுப்பு. அடுத்த ஆய்வுக்கு அது வேண்டும்.